பேனும் அல்ல, புழுவும் அல்ல: கண்மாய் மீனில் ஒட்டும் இறாலின் உறவுகள்

மீன்பேன் என்பது கெண்டை மீனின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அதன் ரத்தத்தையும் வழுவழுப்பையும் உறிஞ்சி வாழும் ஒரு தட்டை உயிர். பச்சைப்பயறை அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் எப்படி இருக்குமோ, அந்த அளவு, ஏறக்குறைய அந்த வடிவம். நிறம் மட்டும் கிடையாது. உடம்பு கண்ணாடி போல இருப்பதால் ஒட்டியிருக்கும் செதிலின் நிறமே அதன் நிறமாகத் தெரியும். விலங்கியலில் இதற்கு ஆர்குலஸ் என்று பெயர்.

மலைக்காடான செண்பகத்தோப்பிலிருந்து கீழே இறங்கினால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரம் முழுக்கக் கண்மாய்கள். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பியதும் ரோகு, கட்லா, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விட்டு, கோடையில் தண்ணீர் வற்றும்போது பிடிப்பதுதான் மீன்பாசி குத்தகை எடுப்பவர்களின் வழக்கம். இப்படி ஒரே நீரில் கெண்டையை நெருக்கமாக வளர்க்கும் இடம் எதுவானாலும் மீன்பேன் வர வழி உண்டு. மீன் தண்ணீரை விட்டு எகிறிக் குதிப்பதும், கல்லிலும் மடைச் சுவரிலும் உடம்பைத் தேய்ப்பதும், வயிற்றுப்பக்கத்தில் குங்குமப் பொட்டு வைத்தது போலச் சிவப்புப் புள்ளிகள் விழுவதும் அடையாளம். பிடித்த மீனை உள்ளங்கையில் வைத்துச் சாய்த்துப் பார்த்தால், செதில் ஒன்று தானாக நகர்வது போலத் தோன்றும். நகர்வது செதில் இல்லை.

பேன் என்ற பெயர் பழக்கத்தில் வந்தது, உறவைச் சொல்வதில்லை. தலைப்பேன் ஒரு பூச்சி. அதற்கு ஆறு கால், ஒரு ஜோடி உணர்கொம்பு. மீன்பேனுக்கு நீந்துவதற்கு மட்டுமே நாலு ஜோடி கால்கள், ஒவ்வொன்றும் நுனியில் இரண்டாகப் பிரிந்தவை. உணர்கொம்புகளும் இரண்டு ஜோடி. இரண்டு ஜோடி உணர்கொம்பும் கவைபிரிந்த காலும் கிரஸ்டேசியா என்னும் பெருங்கூட்டத்தின் முத்திரைகள். இறால், நண்டு, மழைக்காலத்தில் வீட்டு மூலையில் சுருண்டு கிடக்கும் மரவட்டைக் குட்டி போன்ற ஈரப்பூச்சி எல்லாம் அந்தக் குடும்பம்தான். மீன்பேன் இறாலுக்குத் தூரத்துப் பங்காளி, தலைப்பேனுக்கு நெருங்கிய உறவு அல்ல என்று சொல்லிவிடலாம்.

இந்த வகை உயிர்களின் வகைப்பாட்டு வரலாறு முழுவதும் இப்படிப்பட்ட தவறான பெயர்களால் ஆனது. பேன் இல்லாததற்குப் பேன், புழு இல்லாததற்குப் புழு. ஒட்டுண்ணி வாழ்க்கை உடம்பை அந்த அளவுக்கு மாற்றிவிடுகிறது. வளர்ந்த உயிரைப் பார்த்து அது யார் என்று சொல்ல முடியாமல், அதன் குஞ்சைப் பார்த்துத்தான் குலம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மீன்பேனின் உடம்பு ஓரளவு நேர்மையானது, பார்த்ததும் அடையாளம் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். அகன்ற ஓடு முதுகை மூடியிருக்கும். அதன் முன்பக்கம் இரண்டு கூட்டுக்கண்கள் கருப்பு மிளகுத் துணுக்கு போல. அடிப்பக்கம் திருப்பினால் இரண்டு வட்டமான உறிஞ்சு கிண்ணங்கள் தெரியும். ஆட்டோ கண்ணாடியில் பொம்மை ஒட்டிவைக்கும் ரப்பர் கிண்ணத்தின் அதே வேலைதான். இந்தக் கிண்ணங்கள் உண்மையில் வாயுறுப்பு: முதல் மேக்ஸில்லா என்னும் தாடைக்கால் உருமாறி இப்படி ஆனது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்குக் கிண்ணம் கிடையாது, அதே இடத்தில் கொக்கிதான் இருக்கும். சட்டை உரித்து உரித்து வளரும்போது கொக்கி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, அடிப்பகுதி அகன்று கிண்ணமாகிறது. இதன் உறவான டோலோப்ஸ் என்ற பேரினம் கடைசிவரை கொக்கியோடேயே வாழ்ந்து முடிக்கிறது.

இரண்டு கிண்ணத்துக்கும் நடுவே ஊசி ஒன்று உறைக்குள் மடங்கிக் கிடக்கும். அதை நீட்டித் தோலில் குத்தி ஏதோ ஒரு சுரப்பை உள்ளே விடும். தோல் சிவந்து கசியும், பக்கத்தில் இருக்கும் குழல் வாய் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு பெரிய மீனுக்கு நாலைந்து பேன் ஒரு பொருட்டே இல்லை. விரல் நீளக் குஞ்சுக்கு அதே நாலைந்து போதும், சாப்பாட்டை விட்டுவிடும். குத்திய புண்ணில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறுவது அடுத்த கட்டம். மீன் சாவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது வரவுதான் காரணம்.

மற்ற பல ஒட்டுண்ணிகளைப் போல மீன்பேன் ஒரே இடத்தில் ஆணி அடித்து உட்காருவதில்லை. ஒரு மீனை விட்டு இன்னொரு மீனுக்குத் தாவும், இணை தேடி நீந்தும். பெண் பேன் முட்டையிடுவதற்காகவே மீனை விட்டு இறங்குகிறது. இதன் கூட்டத்தில் முட்டைப்பை கிடையாது. கல், செடித்தண்டு, மடைக்கல், தண்ணீரில் முங்கிய மூங்கில் என்று கெட்டியான பரப்பு எது கிடைத்தாலும் அதில் ஜவ்வு போன்ற பசையால் வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டும். பாசிமணி கோத்தது போல நாலைந்து வரிசை. ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில்கூட இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் இரண்டு வாரம் போலப் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சுக்கு இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு மீன் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். வளர்ந்த பேன் மீன் இல்லாமலும் பல நாள் தாங்கும்.

இந்த உயிரை முதலில் ஒழுங்காகக் கூறுபோட்டுப் பார்த்தவர் ஜெனீவாவைச் சேர்ந்த லூயி ஜூரின், 1806இல். அதற்கு முன்பே 1758இல் லின்னேயஸ் பெயர் வைத்திருந்தார். ஆர்குலஸ் என்ற பேரினப் பெயர் 1785இல் ஓ. எஃப். முல்லர் தந்தது. 1864இல் தோரெல் இந்தக் கூட்டத்துக்குத் தனி இடம் ஒதுக்கி பிராங்கியூரா என்று பெயரிட்டார். செவுள்வால் என்று அதற்குப் பொருள். பின்னால் இரண்டாகப் பிளந்த வாலை மூச்சுவிடும் செவுள் என்று நினைத்துவிட்டார்கள். அந்த இரட்டை மடலுக்குள் ஆணுக்கு விந்தகமும் பெண்ணுக்கு விந்துப்பையும் இருக்கின்றன. பெயர் மட்டும் இன்றுவரை மாறவில்லை. வகைப்பாட்டில் முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பதால் இப்படித் தவறுகளும் நிரந்தரமாகிவிடும்.

பிராங்கியூராவில் ஆர்குலிடே என்ற ஒரே குடும்பம், அதில் நாலே பேரினங்கள்: ஆர்குலஸ், டோலோப்ஸ், கோனோபெல்டிஸ், டிப்டெரோபெல்டிஸ். பெரும்பாலான இனங்கள் ஆர்குலஸில்தான். இந்தியக் கெண்டைக் குளங்களில் அதிகம் தொல்லை தருவது ஆர்குலஸ் சியாமென்சிஸ். 1926இல் சயாம் நாட்டு மாதிரியைக் கொண்டு சி. பி. வில்சன் விவரித்ததால் அந்தப் பெயர். ரோகுவுக்கும் இதற்கும் நடக்கும் போராட்டத்தை புவனேஸ்வரத்தின் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் தொடர்ந்து ஆராய்ந்துவருகிறது. ஆர்குலஸ் ஜப்போனிகஸ் என்று இன்னொன்று, தங்கமீன் வணிகத்தோடு சேர்ந்து உலகம் சுற்றியது. சென்னை கொளத்தூர் போன்ற அலங்கார மீன் சந்தையில் வாங்கிய மீனை நேராகத் தொட்டிக்குள் விடாமல் சில நாள் தனியாக வைத்திருக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

அடுத்தது நங்கூரப்புழு, லெர்னியா. பெயரில் புழு இருக்கிறது, பார்க்கவும் புழுவேதான். கட்லா அல்லது ரோகுவின் துடுப்படியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெளிறிய நூல் ஒன்று தொங்கும். நுனியில் நீளமான இரண்டு பச்சை வெண்மைப் பைகள். இழுத்தால் வராது. பலமாக இழுத்தால் அறுந்து வரும், தலை உள்ளேயே நின்றுவிடும். உள்ளே இருக்கும் தலையில்தான் விஷயம்: கொம்பு போல நாலு கிளைகள் தசைக்குள் விரிந்து, நங்கூரம் கடலடியில் பிடிப்பதைப் போலப் பிடித்திருக்கும். அந்த இடத்தைச் சுற்றி மீனின் தோல் சிவந்து தடித்துக் கட்டியாகும்.

லின்னேயஸும் ஏமாந்தார். 1758இல் வெளியான தன் புகழ்பெற்ற நூலின் பத்தாம் பதிப்பில் லெர்னியாவைப் புழுக்கள் பகுதியில் சேர்த்துவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நூலைப் பார்த்தால் யாரும் நூல் என்றுதான் சொல்வார்கள். 1832இல் பெர்லினில் நார்ட்மன் வெளியிட்ட நுண்ணோக்கி ஆய்வுகள் இந்தக் கூட்டத்தின் உண்மையை வெளிக்கொணர்ந்தன. முட்டைப்பையிலிருந்து வரும் குஞ்சு நாப்ளியஸ்: மூன்று ஜோடி உறுப்புகளும் நடுவில் ஒற்றைக் கண்ணும் உள்ள, துள்ளித் துள்ளி நீந்தும் புள்ளி. இறால் குஞ்சுக்கும் அதே உருவம், குளத்தில் தானாக வாழும் சைக்ளாப்ஸ் குஞ்சுக்கும் அதே உருவம். புழுவுக்கு அப்படி ஒரு குஞ்சு கிடையாது. ஆக, லெர்னியா கோப்பிபோடா என்னும் துடுப்புக்காலி வகையைச் சேர்ந்தது.

அதன் வாழ்க்கைக்கதை இப்படி. நாப்ளியஸ் மூன்று நிலைகள், தீனி எடுக்காமல் தண்ணீரிலேயே கழிகின்றன. பிறகு கோப்பிபோடிட் நிலைகள் ஐந்து. இவை மீனின் செவுளில் போய் ஒட்டும், ஆனால் ஆழமாக நுழையாது. அப்போது பார்த்தால் சாதாரண சைக்ளாப்ஸ் போலத்தான் இருக்கும். அங்கேயே ஆணும் பெண்ணும் கூடுகின்றன. கூடிய ஆண் செத்துப்போகும், மீனின் தசைக்குள் அது போவதே இல்லை. மீன் விற்பவர் கையில் நாம் பார்க்கிற நங்கூரப்புழு ஒவ்வொன்றும் பெண். வாழ்நாளுக்குத் தேவையான விந்தை ஒரே தடவையில் வாங்கி வைத்துக்கொண்டு, தோலைத் துளைத்து நுழைந்து, பிறகு உருமாறுகிறது: தலை நங்கூரமாகிறது, உடம்பு பல மடங்கு நீள்கிறது.

இந்த உருமாற்றத்தில் ஒரு விசித்திரம் உண்டு. உடம்பு நீள்கிறது, கால்கள் வளர்வதில்லை. சின்ன வயதில் நீந்தப் பயன்பட்ட அதே குட்டிக் கால்கள் அதே அளவில் நின்றுவிட, அவற்றுக்கு நடுவே உடம்பு ரப்பர் போல இழுபடுகிறது. பிடுங்கிய ஒரு லெர்னியாவை ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டு லென்ஸ் வழியே பார்த்தால், நூலின் ஒரு பக்கத்தில் தூரத் தூரமாக, ஜோடி ஜோடியாக, மயிர் முளைத்த சின்னஞ்சிறு கால்கள் தென்படும். குழந்தைச் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கும் பெரிய ஆள் மாதிரி. புழு அல்ல என்பதற்கு வளர்ந்த உடம்பிலேயே மிச்சமிருக்கும் சாட்சி அது.

வெப்பமான நீரில் முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை மூன்று வாரம் போல ஆகும். 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் வளர்ச்சி முடங்கிவிடும். எந்த மீன் என்று பார்க்காமல் ஏறும் குணமும் இதற்கு உண்டு, தவளையின் தலைப்பிரட்டையில்கூட ஏறியிருக்கிறது. தமிழ்நாட்டு மீன்களிலிருந்து விவரிக்கப்பட்ட ஓர் இனம் லெர்னியா சாக்கோயென்சிஸ். சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தில் இருந்த சி. பி. ஞானமுத்து 1951இல் இதை விவரித்ததோடு வாழ்க்கைச் சுழற்சியையும் எழுதினார். ஒட்டுண்ணி ஒன்றுக்குப் பெயர் வைப்பதோடு நிறுத்தாமல் அதன் குஞ்சுகளையும் வளர்த்துப் பார்ப்பதே இந்தத் துறையில் பாதி வேலை.

செவுளுக்குள் மட்டும் வாழும் எர்காசிலஸ் இவ்விரண்டையும்விடச் சிறியது. செவுள் இழைமேல் வெள்ளை ரவை தூவியது போல இருக்கும், ரவையாகத் தெரிவது இரட்டை முட்டைப்பை. இரண்டாவது உணர்கொம்பு இடுக்கி போல வளைந்து இழையைச் சுற்றிப் பிடிக்கிறது. இதிலும் பெண் மட்டும்தான் ஒட்டுண்ணி, ஆண் தண்ணீரில் சுதந்திரமாக அலைந்து முடிகிறது. கழிமுகத்து மடவை மீன்களில் சாதாரணமாகக் காணப்படும்.

மூன்றுக்கும் பொதுவான தேவை ஒன்று: தேங்கிய, மீன் நெருக்கமான நீர். செண்பகத்தோப்பு மலையில் மீன்வெட்டிப் பாறை அருவியிலிருந்து பாறைகள் மேல் அடித்துக்கொண்டு ஓடும் தண்ணீரில் ஓட்டத்தை எதிர்த்து நீந்த முடியாத குஞ்சு ஒரு மீனைத் தேடிப் பிடிப்பது கடினம். நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். அதே தண்ணீர் கீழே கண்மாயில் வந்து நின்று, ஒரே வயதுக் கெண்டைக் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. ஓடையிலும் கோடையில் ஓட்டம் அறுந்து குட்டைகளாக நிற்கும்போது லெர்னியா பெருகும் என்பது உலகின் பல ஆறுகளில் கண்டது.

குளிர்நாட்டில் இந்த ஒட்டுண்ணிகளை அடக்குவது பனிக்காலம். ஐரோப்பாவில் மீன்பேனின் முட்டைகள் குளிர்காலம் முழுக்கப் பொரியாமல் கிடந்து வசந்தத்தில் பொரிகின்றன. விருதுநகர் மாவட்டத்துக் கண்மாய்க்கு அப்படிக் குளிரும் இல்லை, இடைவெளியும் இல்லை. அதற்குப் பதில் கோடை இருக்கிறது. மடையைத் திறந்து, மிச்சத் தண்ணீரில் ஊத்தாவும் வலையும் போட்டு மீன்பிடித் திருவிழா முடிந்து, தரை பாளம் பாளமாக வெடித்துக் காயும்போது கல்லில் ஒட்டிய முட்டைகளும் காய்ந்து போகின்றன. மீன்வளர்ப்புக் கையேடுகள் குளத்தைக் காயவிட்டுச் சுண்ணாம்பு போடச் சொல்வதும் இதற்குத்தான். வெயிலுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்பது இதில் கூடுதல் சௌகரியம். ஆண்டு முழுக்க நீர் நிற்கும் அணை, கிணறு, கான்கிரீட் தொட்டி ஆகியவற்றுக்கு அந்த வசதி இல்லை. காய்ந்த கண்மாய்க்கும் ஒட்டுண்ணி திரும்பி வர ஒரு சுலபமான வழி உண்டு: வேறு ஊரிலிருந்து வாங்கி விடும் குஞ்சுகளின் மேலேயே ஏறி வரலாம்.

மருந்து விஷயத்தில் சுருக்கமாக: மீனை உப்புக் கரைசலிலோ பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலிலோ அளவாகக் குளிப்பாட்டினால் மேலே இருக்கும் மீன்பேன் விழும். தசைக்குள் நங்கூரம் போட்ட லெர்னியா அதற்கு அசையாது, நீந்தும் குஞ்சுகள்தான் சாகும்; அதனால் சுழற்சி முடியும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மீன்பேனுக்கு இன்னொரு நல்ல உபாயம் மூங்கில். தண்ணீரில் மூங்கில் கழிகளை ஊன்றி வைத்தால் பெண் பேன்கள் அதில் முட்டையிடும். வாரம் ஒருமுறை கழியைப் பிடுங்கி வெயிலில் போட்டு மறுபடி ஊன்றலாம். பூச்சிமருந்துகளையும் சிலர் கலக்குகிறார்கள். அவை பேனைக் கொல்லும், மீன்பேன் இறாலின் உறவு என்பதால் கண்மாயில் இருக்கும் இறால், சைக்ளாப்ஸ், டாப்னியா என்று குஞ்சு மீன்களின் தீனியையும் சேர்த்தே கொல்லும். மாடு குடிக்கிற, வயலுக்குப் போகிற தண்ணீரில் அதைக் கலப்பது எந்த வகையிலும் சரியல்ல.

இனி காட்டுப்பக்கம். மீன்பேனுக்கு மிக நெருங்கிய உறவு எது என்று தேடினால், கண்மாயை விட்டு மேலேறி சாரைப்பாம்பின் நுரையீரலுக்குள் போக வேண்டியிருக்கிறது. அங்கே வாழும் நாக்குப்புழுக்கள், பெண்டாஸ்டோமிடா, மீன்பேனின் சகோதரக் கூட்டம் என்பதே இன்றைய முடிவு. இதைக் கேட்டவுடன் நம்புவது கஷ்டம். மீன்பேனுக்குக் கண் உண்டு, கால் உண்டு, நீந்தும். நாக்குப்புழுவுக்குக் கண் இல்லை, கால் இல்லை, வெளியிலிருந்து பார்த்தால் வளையம் வளையமாக ஒரு குழல். வாயைச் சுற்றி இரண்டு ஜோடிக் கொக்கிகள், அவ்வளவுதான். அவற்றால் நுரையீரல் சுவரைப் பற்றிக்கொண்டு ரத்தம் குடிக்கும். கொக்கிக் குழிகள் நாலையும் வாய் ஒன்றையும் சேர்த்து ஐந்து வாய் என்று எண்ணியவர்கள் வைத்த பெயர் பெண்டாஸ்டோமா. பெயரில் இன்னொரு தவறு, கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் மலைப்பாம்பில் ஆர்மிலிஃபர் மோனிலிஃபார்மிஸ், சாரையில் கிரிசெபாலஸ் பட்டோனி என்று இனங்கள் உண்டு. செண்பகத்தோப்பு சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் சரணாலயமான காடு. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அப்படிப்பட்ட காட்டில் பாம்பு, தவளை, எலி எல்லாம் ஒன்றையொன்று தின்னும் சங்கிலிதான் நாக்குப்புழுவின் பயணப் பாதை. பாம்பின் நுரையீரலில் இடும் முட்டை மூச்சுக்குழல் வழியே மேலேறி, விழுங்கப்பட்டு, எச்சத்தில் வெளியேறுகிறது. அதைத் தின்ற சிறு விலங்கின் உடம்பில் குஞ்சு சுருண்டு காத்திருக்கும். அந்த விலங்கைப் பாம்பு விழுங்கினால் குஞ்சு குடலைத் துளைத்து நுரையீரலுக்குப் போய்விடும்.

பாம்பு வரை போக மனமில்லாதவர்கள் சுவரைப் பார்த்தால் போதும். வீட்டுப் பல்லியின் நுரையீரலில் ரெய்லியெட்டியெல்லா என்ற நாக்குப்புழு வாழ்கிறது. அதன் இடைநிலை ஓம்புயிர் கரப்பான்பூச்சி. பல்லியின் எச்சத்தைக் கரப்பான் தின்ன, கரப்பானைப் பல்லி தின்ன, சமையலறைக்குள்ளேயே ஒரு முழுச் சுழற்சி ஓடிக்கொண்டிருக்கும்.

உறவைக் கண்டுபிடித்த கதையிலும் இந்தப் பல்லியின் ஒட்டுண்ணிதான் வருகிறது. கோபன்ஹேகனின் கார்ல் கியோர்க் விங்ஸ்ட்ராண்ட் 1972இல் ரெய்லியெட்டியெல்லாவின் விந்தணுவையும் மீன்பேனின் விந்தணுவையும் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நூல் போன்ற அந்த அணுக்களின் உள்ளமைப்பும், அவை உருவாகும் விதமும் இரண்டிலும் ஒன்றுபோல இருந்தன. வேறு எந்த விலங்கிலும் காணாத அமைப்பு. உடம்பு முழுக்க மாறியும் விந்தணு மாறவில்லை. அப்போது இதை நம்பியவர்கள் சொற்பம். 1989இல் ஏபலும் உடன் ஆய்ந்தவர்களும் ரைபோசோம் ஆர்என்ஏ வரிசையை ஒப்பிட்டபோது அதே பதில் வந்தது. 1997இல் இரண்டு கூட்டத்தையும் சேர்த்து இக்தியோஸ்ட்ராகா என்று ஒரே வகுப்பாக்கினார்கள். எதிர்ப்பும் இருந்தது: முதுகெலும்புள்ள விலங்குகள் நிலத்துக்கு ஏறாத, 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளிலேயே நாக்குப்புழு போன்ற குஞ்சுகளின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன, அப்படியானால் இவை இன்னும் பழைய, தனிக் கிளை அல்லவா என்று தொல்லுயிரியலாளர்கள் கேட்டார்கள். மரபணுச் சான்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர அந்தக் குரல் தணிந்துவிட்டது, புதைபடிவங்கள் எழுப்பும் கேள்வி மட்டும் சுவையாகவே நிற்கிறது.

நாக்குப்புழு என்ற பெயருக்கு உரிய உருவம் லிங்குவாடுலா செர்ராட்டாவுக்கு: நாயின் மூக்கறைக்குள் வாழும், நாக்கு வடிவத்தில் தட்டையாக, பெண் 8 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். ஆடு மாடுகளின் நிணநீர்க் கணுக்களிலும் ஈரலிலும் அதன் குஞ்சுகள் இருக்கும். கறிக்கடைக் கழிவைத் தின்னும் நாய்க்கு அது ஏறும். ராஜபாளையம் நாய்க்குப் பச்சை ஈரல் போட்டு வளர்ப்பது வீரம் என்று நினைப்பவர்கள் வேகவைத்துப் போடுவது நல்லது. சூடானிலும் லெபனானிலும் பச்சை ஈரல் தின்னும் வழக்கத்தால் மனிதருக்கும் தொண்டையில் இதன் தொல்லை வந்திருக்கிறது.

கடலுக்குப் போனால் பட்டியல் பல மடங்கு நீளும். இந்தியக் கரையில் இவற்றை முதலில் சேகரித்தவர்களில் ஒருவர் பாசெட் ஸ்மித் என்ற பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர். பம்பாய் மீன்களிலிருந்து எடுத்த இனங்களை 1898இல் வெளியிட்டார். கேரளத்தின் என். கிருஷ்ண பிள்ளை 1985இல் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறைக்காக எழுதிய கடல்மீன் கோப்பிபோடு ஒட்டுண்ணிகள் பற்றிய பெருந்தொகுதி இன்றும் மேசையில் இருக்க வேண்டிய நூல். கொடுவா வளர்ப்பில் தொல்லை தரும் கலிகஸ், செவுளில் ஒட்டும் லெர்னாந்த்ரோபஸ் எல்லாம் கோப்பிபோடாவின் சைஃபனோஸ்டோமட்டாய்டா வரிசை. லெர்னியாவும் எர்காசிலஸும் சைக்ளோப்பாய்டா.

இவற்றோடு சேர்க்கக் கூடாத, பார்வைக்கு ஒத்த இன்னொரு கூட்டம் ஐசோபோடா. இவை மலகோஸ்ட்ராகா வகுப்பு, அதாவது இறால் நண்டுக்கு நேர் உறவு. மீனின் வாய்க்குள் நாக்கின் மேல் அமர்ந்திருக்கும் சைமோதோவா இதில்தான். சைமோதோவாக்கள் ஆணாகத் தொடங்கிப் பிறகு பெண்ணாகும். பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தில் இவை நிறைய ஆராயப்பட்டிருக்கின்றன. மண்டபம் பகுதியில் வலையில் வரும் பச்சைப்புலி இறாலின் கன்னம் ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தால் ஓட்டைத் தூக்கிப் பார்க்கலாம், செவுள் அறைக்குள் எபிபெனேயான் இருக்கும். அதன் குஞ்சு முதலில் ஒரு கோப்பிபோடின் மேல் தங்கி, பிறகு இறாலுக்கு வருகிறது. முதலில் வந்தது பெண்ணாகும், அடுத்து வந்தது குட்டி ஆணாகி அவள் மேலேயே ஒட்டிக்கொள்ளும். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கரையோர மீனவர்கள் இந்தத் தட்டைப் பெண்களைப் பார்த்து, நாக்குமீன் குஞ்சுகளை இறால்தான் அடைகாக்கிறது என்று நம்பினார்களாம்.

உருமாற்றத்தில் எல்லாவற்றையும் தோற்கடிப்பது நண்டில் வாழும் சாக்குலினா. நண்டின் வயிற்றடியில் ஒரு மஞ்சள் பை, உள்ளே உடம்பு முழுக்க ஓடும் வேர்கள். கால், கண், வாய், குடல் எதுவும் இல்லை. ராணுவ மருத்துவர் ஜான் வாகன் தாம்சன் 1836இல் அந்தப் பையிலிருந்து நாப்ளியஸ் குஞ்சுகள் வெளிவருவதைக் கண்டார். இது பாறையில் ஒட்டும் கொட்டலசின் இனம். அந்தக் கொட்டலசையே சிப்பி என்று நினைத்திருந்த உலகத்துக்கு, அது கிரஸ்டேசியா என்று 1830இல் குஞ்சைக் காட்டி நிறுவியவரும் அவரே. 1884இல் ஈவ் டெலாஜ் அடுத்த கட்டத்தைக் கண்டார்: குஞ்சு நண்டின் மேல் அமர்ந்து, ஊசி போன்ற குழல் வழியே தன்னையே சிறு உயிரணுக் கட்டியாக நண்டுக்குள் செலுத்திவிடுகிறது. பாதிக்கப்பட்ட ஆண் நண்டின் வயிறு பெண் நண்டின் வயிறு போல அகன்று, தன் முட்டையைக் காப்பது போல அந்தப் பையைக் காக்கும்.

எல்லாவற்றிலும் சிறியவை டாண்டுலோகாரிடா. பாக்ஸ்ஷாலும் லிங்கனும் 1983இல் இவற்றுக்குத் தனி வகுப்பு கொடுத்தார்கள். இவை மீனைத் தேடுவதில்லை, கோப்பிபோடு போன்ற சிறு கிரஸ்டேசியாக்களின் ஓட்டின் மேல் தலைத்தட்டால் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியபின் குஞ்சு சட்டை உரிப்பதில்லை. உடம்பில் ஒரு பை ஊதிப் பெருத்து, அதற்குள்ளேயே அடுத்த நிலை உருவாகிறது. 1989இல் விவரிக்கப்பட்ட ஸ்டைகோடாண்டுலஸ் ஸ்டாக்கியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அறியப்பட்ட கணுக்காலிகளிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று அது.